இந்தியா 2 எழுதுவது

சங்க நிர்வாகிகளுக்கு,

லண்டனில் உங்கள் உறுப்பினரான இலங்கைத் தமிழர் ஒருவருடைய கடையில் வேலை செய்தவள் நான், இந்தியாவிலிருந்து வந்தவள். முதலாளி நாட்டின் பெயரைச் சொல்லி என்னை இழிவுபடுத்தினார் என்று உங்களிடம் கொடுத்த புகாருக்கு உங்கள் முடிவு வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில், பிடிஎஃப்பாக, சங்க முத்திரையோடு ஒன்றரைப் பக்கம். அதன் மூன்றாவது பத்தியை மட்டும் பலமுறை படித்தேன். முறைப்பாட்டாளரும் கடை உரிமையாளரும் இருவரும் தமிழர்களே, ஆகவே இனப்பாகுபாடு என்ற பேச்சுக்கே இடமில்லை, நாட்டின் பெயரைச் சொல்லிப் பேசியது வெறும் வார்த்தைத் தடிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில், இரு தரப்பும் கைகொடுத்துக்கொண்டு இதை வெளியே கொண்டுபோகாமல் இருக்க வேண்டும் என்ற அறிவுரை வேறு.

நான் வெளியே கொண்டுவருகிறேன். கடையின் பெயரோ சங்கத்தின் பெயரோ இந்த மடலில் இல்லை. படித்தால் உங்களுக்குத் தெரியும், அது போதும். என் பெயரும் இல்லை, ஏனென்றால் என் விசாவுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அடுத்த வேலையும் நம்மவர் யாராவது ஒருவர் கடையில்தான் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

முதலில் ரோட்டா. கடையின் பின்கட்டில், குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் வாராவாரம் ஒரு தாள் ஒட்டுவார்கள். யார் எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன வேலை என்று அதில் இருக்கும். கடையில் நாங்கள் ஏழு பேர். ஐந்து பேருக்குத் தாளில் பெயர் இருந்தது. மற்ற இரண்டு வரிசையில் 'இந்தியா 1', 'இந்தியா 2' என்று இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து படிக்க வந்த தம்பி இந்தியா 1. நான் இரண்டு. முதல் வாரம் நானும் சிரித்தேன். பெயர் மனதில் நிற்கும்வரை அப்படி எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். ஐந்து மாதம் அப்படியே இருந்தது. எனக்குப் பிறகு சேர்ந்த வல்வெட்டித்துறைப் பையனுக்கு முதல் வாரமே பெயர் வந்துவிட்டது.

பெயர் இல்லாததுகூடப் பெரிதில்லை. அந்த வரிசைகளுக்கு நேரே என்ன வேலை எழுதியிருந்தது என்று பாருங்கள். நான் எடுத்து வைத்த 21 வார ரோட்டாப் படங்களை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். ஃப்ரீசர், லோடு, குப்பை, மறுபடி ஃப்ரீசர். வியாழக்கிழமை மரக்கறி லோடு வரும்போது இரண்டு இந்தியாவும் கட்டாயம் இருக்க வேண்டும். 21 வாரத்தில் 'டில்', அதாவது கல்லாப்பெட்டி, என்ற சொல் இந்தியாவுக்கு நேரே ஒரு தடவைகூட வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "இந்தியாக்காரரை டில்லில விட்டா இரவைக்குக் கணக்கு முட்டாது" என்றார் முதலாளி. வரிசையில் நின்ற வாடிக்கையாளர் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு அம்மா மட்டும் சிரிக்காமல் தன் முருங்கைக்காய்க் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் கடிதத்தில் 'வார்த்தைத் தடிப்பு' என்று இருக்கிறதே, அந்த வார்த்தைகளையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் எழுதாமல் விட்டீர்கள். "இந்தியன் புத்தி." இது ஏறக்குறைய தினமும். "உங்கட நாட்டில ரோட்டில இருக்கிற சனம், உனக்கெல்லாம் இஞ்ச டொய்லெட் பிரேக் ஒரு கேடு." இது இரண்டு முறை, தேதி என் போனில் இருக்கிறது. "இந்தியனுக்குச் சம்பளம் எதுக்கு, சோறு போட்டாக் காணும்." இது ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகவே வந்தது, பின்னால் மூன்று சிரிப்பு எமோஜியோடு. சூப்பர்வைசர் அதற்கு ஒரு ஸ்டிக்கரும் போட்டார். அதையும் உங்களுக்கு அனுப்பினேன். உங்கள் குழுவில் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "எங்கட ஆக்கள் இப்பிடித்தான் பகிடியாக் கதைப்பினம் பிள்ளை" என்றார்.

அன்று அந்த மண்டபத்தின் பின்னறையில் நீங்கள் மூவரும் என்னை மரியாதையாகத்தான் நடத்தினீர்கள், அதை மறுக்கவில்லை. தேநீர் வந்தது, வடை வந்தது. மூத்தவர் என்னைப் பார்த்து, "பிள்ளை, நாங்கள் எல்லாரும் ஒரே இனம். ஒரே இனத்துக்குள்ள எப்பிடி இனவாதம் வரும்?" என்று கேட்டார். உண்மையிலேயே புரியாமல் கேட்டார் என்றே நினைக்கிறேன். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும்.

ஐயா, சிக்கல் 'இனம்' என்ற சொல்லில் இருக்கிறது. நம் மொழியில் இனம் என்றால் உறவு, இனசனம், ஒரே மொழி பேசுகிற கூட்டம். அந்த அர்த்தத்தில் நீங்களும் நானும் ஒரே இனம்தான், சண்டையில்லை. ஆனால் நாம் நிற்கிற நாட்டின் சட்டம் 'ரேஸ்' என்று சொல்லும்போது அதைச் சொல்லவில்லை. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், 9-ஆவது பிரிவு. ரேஸ் என்பதற்குள் என்னென்ன அடங்கும் என்று அங்கே எண்ணி வைத்திருக்கிறார்கள். தோலின் நிறம். நாட்டுரிமை, அதாவது நேஷனாலிட்டி. அப்புறம் இன வழி அல்லது தேச வழி, அதாவது எந்த இனத்தில், எந்தத் தேசத்தில் வேர் என்பது. நாட்டுரிமை என்ற சொல் சட்டத்தின் உடலிலேயே இருக்கிறது. யாரும் விளக்கம் சொல்லி உள்ளே இழுத்து வர வேண்டியதில்லை. நீங்கள் 'இனம்' என்ற தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு ஓர் ஆங்கிலச் சட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறீர்கள்.

அந்தச் சொல் அங்கே எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. அது நடந்தது நீங்கள் கனகதுர்க்கை அம்மன் தேருக்குப் போகிற, மேற்கு லண்டனின் அதே ஈலிங்கில். 1968-இன் இன உறவுச் சட்டத்தில் நிறம், இனம், இன வழி, தேச வழி எல்லாம் இருந்தன. நாட்டுரிமை இல்லை. ஈலிங் கவுன்சில், தான் வாடகைக்குக் கொடுக்கும் வீட்டுக்குப் பதிவு செய்ய பிரிட்டிஷ் பிரஜையாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தது. போலந்து நாட்டவர் ஒருவருக்கு அதனால் இடம் மறுக்கப்பட்டது. வழக்கு அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வரை போனது. தேச வழி வேறு, நாட்டுரிமை வேறு, சட்டத்தில் நாட்டுரிமை என்று எழுதவில்லை, ஆகவே கவுன்சில் செய்தது சட்டவிரோதம் இல்லை என்று எழுபதுகளின் தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது. அதாவது இன்று நீங்கள் எழுதியிருக்கிற முடிவு அன்றைக்குச் சரி. 1976-இல் புதுச் சட்டம் எழுதும்போது அந்த ஓட்டையைப் பார்த்து 'நாட்டுரிமை' என்ற சொல்லைச் சேர்த்து அடைத்துவிட்டார்கள். அந்தச் சொல்தான் 2010 சட்டத்துக்கும் வந்தது. கிட்டத்தட்ட ஐம்பது வருடத்துக்கு முன்னால் மூடிய கதவை உங்கள் குழு ஒரு பின்னறையில் உட்கார்ந்து திறந்திருக்கிறது.

ஒரே மொழிக்காரர்களுக்குள் இது வராது என்று சொன்னீர்கள். பிபிசி ஸ்காட்லாந்து மீது ஒரு வழக்கு நடந்திருக்கிறது. ரக்பி நிகழ்ச்சி நடத்திவந்த ஓர் ஆங்கிலேயப் பத்திரிகையாளர், தான் ஆங்கிலேயர் என்பதால்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் ஸ்காட்லாந்துக்காரரை எடுத்துக்கொண்டார்கள் என்றார். இருவருக்கும் ஒரே மொழி, ஒரே நிறம், கையில் ஒரே பாஸ்போர்ட். அப்படியிருந்தும், ஆங்கிலேயர் ஸ்காட்லாந்துக்காரர் என்ற வேறுபாடு தேச வழியில் வருவது, சட்டம் அதற்கும் பொருந்தும் என்று எடின்பரோ நீதிமன்றம் சொன்னது. ஒரே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கே அப்படி என்றால், எனக்கும் முதலாளிக்கும் பாஸ்போர்ட்டே வேறு. போதாததற்கு அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவு, பாகுபாடு காட்டியவருக்கும் அதே அடையாளம் இருந்தாலும் நேரடிப் பாகுபாடு பாகுபாடுதான் என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. 'நாங்களும் தமிழர்தானே' என்ற பதிலை எதிர்பார்த்தே எழுதியதுபோல இருக்கும், படித்துப் பாருங்கள்.

அடுத்து பகிடி, அதாவது கேலி. தொந்தரவு (ஹராஸ்மென்ட்) என்பதை அந்தச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு சொல்கிறது: விரும்பாத நடத்தை, அது நாட்டுரிமை போன்ற ஒன்றோடு தொடர்புடையது, அதன் நோக்கமோ விளைவோ ஒருவருடைய மானத்தைக் குலைப்பது அல்லது அவமானமான சூழலை உண்டாக்குவது. நோக்கம் 'அல்லது' விளைவு. முதலாளி மனதில் பகிடி இருந்திருக்கலாம். என் மனதில் என்ன நடந்தது, அப்படி நடந்தது நியாயம்தானா என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 2009-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வந்த வழக்கு ஒன்று: இந்திய வழிவந்த ஒரு பெண் வேலையை விட்டுப் போகும் சமயம், முதலாளி பேச்சுவாக்கில் உன்னை இந்தியாவில் கட்டிக்கொடுத்துவிட்டால் தவிர நாம் மறுபடி சந்திப்போம் என்ற மாதிரி ஒன்றைச் சொன்னார். ஒரே ஒரு வாக்கியம். அது தொந்தரவுதான் என்ற முடிவு நின்றது, 1,000 பவுண்டு இழப்பீடும் நின்றது.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது, அதை மறைத்தால் நான் உங்களைவிட மேல் இல்லை. இனத்தைத் தொட்டுப் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் மானத்தைக் குலைத்துவிடாது, அற்பமானதும் போகிறபோக்கில் வந்துபோவதும் அதில் சேராது என்று நீதிபதி சொல்கிறார். எனக்கும் அது சம்மதம்தான். "நீங்கள் இந்தியாவோ?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கேட்பார்கள், அது கேள்வி. "உங்கட சாம்பாரில இனிப்பெல்லோ போடுறியள்" என்று கூட வேலை செய்த அக்கா சொல்வார், நானும் அவருடைய பொல் சம்பலைப் பற்றி ஏதாவது சொல்வேன், அது சிரிப்பு. அதே அக்காதான் குளிர் அறைக்குள் போகத் தன் கம்பளிக் கையுறையைக் கழற்றிக் கொடுத்தவர். அவரைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. கேலிக்கும் இழிவுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். சம்பளத்தைத் தீர்மானிக்கிறவர், டில்லுக்கு விடமாட்டேன் என்கிறவர், ஐந்து மாதம் விடாமல் சொன்னால் அது பகிடி இல்லை.

இன்னொரு விஷயத்திலும் நேர்மையாக இருந்துவிடுகிறேன். "விசாவை முடிக்க வைப்பன்" என்று அவர் மூன்று முறை மிரட்டியதையும் என் புகாரில் சேர்த்திருந்தேன். அதை இனப்பாகுபாடு என்று கூப்பிட முடியாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். 2016-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு நைஜீரியப் பெண்களின் வழக்கைத் தீர்த்தது. வீட்டுவேலைக்கு வந்தவர்கள். முதலாளிகள் அவர்களைக் கொடுமைப்படுத்தினார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, உரிய கூலி கொடுக்காமல் வைத்திருந்தது உண்மை, ஆனால் அது அவர்கள் விசா நிலை பலவீனமாக இருந்ததால் நடந்தது, நைஜீரியர் என்பதால் அல்ல, குடிவரவு நிலையும் நாட்டுரிமையும் ஒன்றல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்புப் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டாலும் அதுதான் சட்டம். ஆக, விசா மிரட்டலை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பதைப் பாருங்கள். 'இந்தியன் புத்தி', 'இந்தியனுக்குச் சம்பளம் எதுக்கு', 'இந்தியா 1', 'இந்தியா 2'. இதில் விசா எங்கே இருக்கிறது? நாட்டின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

இப்போது நீங்கள் கடிதத்தில் எழுதாத, ஆனால் அறையில் பேசிய ஒன்றுக்கு வருகிறேன். உங்களில் ஒருவர், "இந்தியன் ஆமி எங்கட ஊரில செய்ததை அந்த மனுசன் கண்ணால கண்டவர், அந்தக் கோவம் இருக்கும்தானே" என்றார். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் என்ன நடந்தது என்று நான் படித்திருக்கிறேன். மருத்துவர்களும் தாதிகளும் நோயாளிகளும் இந்திய ராணுவத்தின் குண்டுக்குச் செத்தார்கள். அந்தக் கோபத்தைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசியிருந்தால் உட்கார்ந்து கேட்டிருப்பேன். ஆனால் அவர் அதைப் பேசவில்லையே. கழிப்பறையைப் பேசினார், கல்லாப்பெட்டியைப் பேசினார். ஓர் அரசாங்கம் செய்ததற்கு, அது நடந்து பத்து வருடம் கழித்துப் பிறந்த ஒருத்தியை ஃப்ரீசருக்குள் அனுப்பிக் கணக்குத் தீர்க்க முடியுமா? சரி, அப்படித் தீர்ப்பதுதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 'இந்தியா' என்பதற்காகத்தான் அப்படி நடத்தினார் என்று நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

நாட்டின் பெயர் வெறும் பெயர்தான் என்று உங்களால் சொல்ல முடிந்ததுதான் எனக்கு ஆச்சரியம். 1985-இல் பிரிட்டன் இலங்கைக் குடிமக்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. அந்த விதியில் 'இலங்கை' என்றுதான் இருந்தது, 'தமிழர்' என்று எங்கும் இல்லை. யாரைத் தடுக்க வந்த விதி என்று உங்களுக்கு யாராவது விளக்க வேண்டியிருந்ததா? 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர்கள் உடுப்பைக் கழற்றிப் போட்டுப் போராடினார்களே, அவர்களிடம் போய் 'நாட்டின் பெயரைத்தானே சொன்னார்கள், இதில் இனம் எங்கே' என்று கேட்டிருப்பீர்களா?

இந்தக் கேள்வி எனக்கு இவ்வளவு உறைப்பதற்கு என் ஆச்சி ஒரு காரணம்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது நாள் முதலாளி, "அந்தக் கொச்சிக்காய்த்தூள் பெட்டியை எடு" என்றார். நான் நேரே போய் எடுத்துவந்தேன். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மிளகாய்த்தூள் என்று சொன்னால்தான் எடுப்பார்கள், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். என் ஆச்சி அப்படித்தான் சொல்லும், ஆச்சி பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என்றேன். இதைச் சொன்னால் கொஞ்சம் ஒட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மாறியது. "ஓ, தோட்டக்காடோ" என்றார். மலையகத் தோட்டத் தமிழரை இழிவாகச் சொல்லும் சொல் அது. அன்றிலிருந்து இந்தியாவோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

ஆச்சியின் பெற்றோரும் ஆச்சியும் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பங்கு பிரித்தார்கள். ஆச்சி இந்தியப் பங்கில் விழுந்தது. எழுபதுகளில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரியில் தாயகம் திரும்பியவர்களுக்கென்று அரசு நடத்திய டான்டீ தேயிலைத் தோட்டம். 'தாயகம் திரும்பியவர்' என்பது காகிதத்தில் போட்ட பெயர். ஆச்சி அதுவரை இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

இலங்கையில் இருந்தவரை 'கள்ளத்தோணி' என்றார்கள், 'இந்தியாக்காரி' என்றார்கள். இந்தியாவுக்கு வந்ததும் கூடலூர்ச் சந்தையில் 'சிலோன்காரி' ஆகிவிட்டது. ரேஷன் கடையில் கூப்பிடுவதும் சிலோன்காரி, சண்டை வந்தால் திட்டுவதும் சிலோன்காரி. அப்படித் திட்டியவர்களும் தமிழர்கள்தான். பேத்தி லண்டனுக்கு வந்தால் மறுபடி இந்தியாக்காரி, கூடவே தோட்டக்காடு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தமிழனுக்குத் தமிழன் சொன்ன வசவு எல்லாமே ஏதோ ஒரு நாட்டின் பெயர்தான். ஒரே இனத்துக்குள் அது வராது என்று என்னிடம் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்திருக்கலாம். தமிழ்நாட்டில் சிலோன்காரி என்பது மட்டும் சரியா என்று நீங்கள் கேட்டால், இல்லை, அதுவும் இதே இழிவுதான். அங்கே இப்படி ஒரு கடையில் இலங்கை அகதிப் பெண் ஒருத்திக்கு 'சிலோன் 1' என்று ரோட்டா போட்டால் இதே மடலை அங்கேயும் எழுதுவேன்.

இனி, உங்களை நான் மன்னிக்க முடியாத விஷயம். முடிவைவிட, அந்த முடிவுக்கு நீங்கள் எடுத்துக்கொண்ட காலம்.

வேலையை விட்ட வாரமே உங்களிடம் வந்தேன். கடை உரிமையாளர் உங்கள் உறுப்பினர், நீங்கள் கூப்பிட்டால் வருவார் என்று எல்லோரும் சொன்னார்கள். "பொறுங்கோ பிள்ளை, வெளியில போகாதையுங்கோ, நாங்கள் கதைச்சுத் தீர்ப்பம்" என்றீர்கள். பொறுத்தேன். முதல் கூட்டத்துக்கு ஐந்து வாரம். அவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று இன்னும் மூன்று வாரம். நல்லூர்த் திருவிழா முடியட்டும் என்றீர்கள். கடைசியில் உங்கள் பிடிஎஃப் வந்தபோது நான் வேலையை விட்டுப் பதினாறு வாரம் ஆகியிருந்தது. வேலைத் தீர்ப்பாயத்துக்குப் போக எனக்கு இருந்த காலக்கெடு மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. அதற்குள் ஏகாஸ் என்ற அரசுச் சமரச அமைப்பிடம் பதிவு செய்திருந்தால் அந்தக் கடிகாரம் நின்றிருக்கும். உங்களிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் நிற்காது. எந்தச் சங்கத்தில் எத்தனை வடை சாப்பிட்டாலும் நிற்காது. ஏகாஸில் பதிவு செய்யக் காசு இல்லை, வக்கீல் வேண்டாம், பாகுபாட்டு வழக்குக்கு இரண்டு வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. உங்கள் குழுவில் ஒருவர் கணக்காளர், ஒருவர் முப்பது வருடமாக நாலு கடை நடத்துகிறவர். உங்களுக்கும் தெரியாது என்று நம்பச் சொல்கிறீர்களா?

காலம் கடந்தாலும் நியாயம் என்று தோன்றினால் தீர்ப்பாயம் அனுமதிக்கலாம் என்று இலவச ஆலோசனை மையத்தில் சொன்னார்கள். அனுமதிக்காமலும் போகலாம். ஏகாஸில் பதிவு செய்துவிட்டேன். தாமதத்துக்குக் காரணம் கேட்கும் இடத்தில் உங்கள் சங்கம் பொறுக்கச் சொன்ன வாட்ஸ்அப் செய்திகளை வைப்பேன். இது மிரட்டல் இல்லை, தகவல். சம்பளக் கணக்கு வேறு கதை, அதற்குப் போக வேண்டிய இடம் வேறு, அங்கேயும் போயிருக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

அந்த மூன்றாவது பத்தியைத் திரும்பப் பெறுங்கள். முதலாளி குற்றவாளி என்று எழுதச் சொல்லவில்லை, அதைத் தீர்மானிக்க உங்களுக்கு அதிகாரமும் இல்லை. நாட்டின் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது இனப்பாகுபாட்டில் சேராது என்று எழுதியது தவறு, சட்டத்தில் நாட்டுரிமையும் அடங்கும், இருவரும் தமிழர் என்பது அதற்குப் பதிலாகாது, இவ்வளவையும் அதே முத்திரையோடு எழுதி, முன்பு யார் யாருக்கு அந்தப் பிடிஎஃப் போனதோ அவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள். அது உங்கள் உறுப்பினர் குழுவில் சுற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைக் காட்டி, "சங்கமே சொல்லிட்டுது, இந்தியன் எண்டு சொல்லலாம்" என்று வேறொரு கடையில் ஒரு சூப்பர்வைசர் பேசியதை இந்தியா 1 தம்பி என்னிடம் சொன்னான். அவன் இப்போது அங்கே வேலை செய்கிறான்.

இனிமேல் யாராவது ஊழியர் உங்களிடம் புகாரோடு வந்தால், தேநீர் கொடுப்பதற்கு முன்னால் ஏகாஸ், காலக்கெடு இரண்டையும் தமிழில் எழுதிய தாளைக் கையில் கொடுங்கள். நாங்கள் பேசுவதால் உங்கள் நாள் நின்றுவிடாது என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். கொடுக்க மனமில்லை என்றால் புகார் கேட்கும் வேலையையே விட்டுவிடுங்கள். இரண்டில் ஒன்று. அப்படிக் கேட்பதானால், மூன்று முதலாளிகள் மட்டும் உட்கார்ந்து ஒரு முதலாளியைப் பற்றிக் கேட்பது சரியில்லை. கடையில் வேலை செய்கிறவர் ஒருவர் அந்த மேசையில் இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வந்தவராக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கையுறை கொடுத்த அக்கா மாதிரி ஒருவர் போதும்.

உங்கள் உறுப்பினர்களின் கடைகளுக்கு ஒரு சுற்றறிக்கை விடுங்கள். ரோட்டாவில் ஆளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஊழியர் செய்கிற பாகுபாட்டுக்கும் முதலாளியே பொறுப்பு, அதைத் தடுக்கத் தன்னால் முடிந்த நியாயமான எல்லாவற்றையும் செய்தேன் என்று காட்டினால்தான் தப்பலாம் என்று சட்டம் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்காக வேண்டாம், அவர்கள் பணத்துக்காகவாவது படிப்பார்கள்.

இந்த மடல் வெளியான நாளிலிருந்து 28 நாள் காத்திருப்பேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டாம். என் பெயர் உங்களிடம் இருக்கிறது, புகாரின் முதல் வரியிலேயே முழுதாக எழுதியிருந்தேன். உங்கள் கடிதத்தில் அது ஓரிடத்தில்கூட இல்லை, எல்லா இடத்திலும் 'இந்தியாவிலிருந்து வந்த முறைப்பாட்டாளர்' என்றுதான் இருக்கிறது. பதிலை அந்தப் பெயருக்கு எழுதுங்கள்.

கடையின் முன்னாள் ஊழியர்,
கிழக்கு லண்டன்